நிலத்தை விற்காமல் குவான்ட் ஆக முடியுமா?

கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன். எழுதியவர் 32 வயதுப் பெண். பிறந்த வீடு பாபநாசம் வட்டத்தில் ஒரு கிராமம், புகுந்த வீடு கும்பகோணம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர். 9 ஆண்டுகளாகச் சென்னை நிறுவனம் ஒன்றுக்காக ஜாவாவில் பணப் பரிமாற்ற மென்பொருள் எழுதுகிறார். குழந்தை பிறந்த பிறகு வீட்டிலிருந்தே வேலை, சம்பளம் ஆண்டுக்கு 22 லட்சம். கணவர் பள்ளி ஆசிரியர்.

டீமில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள், மீதியை ஏஐ பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள் என்ற பயத்தில் தொடங்குகிறது கடிதம். கணித மாடல்களை வைத்து விலையையும் ரிஸ்கையும் கணக்கிடும் குவான்டிடேட்டிவ் ஃபைனான்ஸுக்கு (சுருக்கமாகக் குவான்ட்) மாற ஆசை. இரண்டு ஆண்டுகளாகத் தானே எழுதிய பைத்தான் புரோகிராமை வைத்து நிஃப்டி ஆப்ஷன் (பங்குச் சந்தைக் குறியீட்டின் ஏற்ற இறக்கத்தின் மேல் போடும் ஒப்பந்தம்) விற்றுவருகிறார். 2.6 லட்சம் போய்விட்டது, கணவருக்குத் தெரியாது. இப்போது புரோகிராம் சரியாகிவிட்டதாகவும், பேக்டெஸ்டில் (பழைய சந்தை டேட்டாவில் ஓட்டிப் பார்க்கும் சோதனையில்) 71% வெற்றி காட்டுவதாகவும் எழுதுகிறார். மாமா ஒருவர் 5 லட்சம் தருகிறேன், போட்டுப் பெருக்கிக் கொடு என்கிறாராம். இன்னொரு பக்கம், அமெரிக்காவில் ஃபைனான்ஷியல் இன்ஜினியரிங் முதுகலைக்கு 80 லட்சம் ஆகும் என்று ஏஜென்சி கணக்குக் கொடுத்திருக்கிறது. அப்பா ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) நிலத்தை விற்றால் 30 லட்சம் வரும், மீதி கடன். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு நிலத்தில் என்ன பங்கு என்று அண்ணன் கேட்கிறார். வயது தாண்டிவிட்டதா, படிக்கப் போவதா, அல்லது வேலையை விட்டுவிட்டு ஊரிலேயே டிரேடிங் செய்து பிழைப்பதா என்பவை கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

வங்கியில் ரிஸ்க் மாடல்களோடு பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு இப்போது தொழில் ஆலோசனை சொல்லிவருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மூன்று கேள்விகளில் மூன்றாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில்தான் இன்றைக்கும் பணம் போய்க்கொண்டிருக்கிறது.

அந்த 71 சதவீதம்

ஆப்ஷன் விற்பவருக்குப் பெரும்பாலான நாட்களில் சின்ன லாபம் வரும். எப்போதாவது ஒரு நாள் பெரிய நஷ்டம் வரும். அந்த வியாபாரத்தின் இயல்பே அது. நூறு முறையில் 71 முறை ஆயிரம் ரூபாய் கிடைத்து, 29 முறை நாலாயிரம் போனால் வரவு 71,000, செலவு 1,16,000. வெற்றி விகிதம் அப்படியே 71 தான், கையைக் கடித்தது 45,000. ஆகவே எத்தனை முறை ஜெயித்தீர்கள் என்பதை விட்டுவிட்டு, ஜெயித்தபோது எவ்வளவு, தோற்றபோது எவ்வளவு என்று உங்கள் லெட்ஜரை இன்றே பிரித்துப் பாருங்கள்.

பேக்டெஸ்ட் பற்றி இன்னொன்று. புரோகிராமில் ஸ்டாப் லாஸ் அளவு, உள்ளே போகும் நேரம், ஸ்டிரைக் தூரம் என்று மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றுக்கும் உதவாத 200 உத்திகளை எடுத்து, தற்செயலாகத் தேறும் வாய்ப்பை 5% ஆக வைத்த புள்ளியியல் சோதனையில் ஓட்டினால், சுமார் பத்து உத்திகள் வெறும் அதிர்ஷ்டத்தால் 'நல்லது' என்று வெளியே வரும். அந்தப் பத்தில் சிறந்ததைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு, சரியாகிவிட்டது என்று நம்புவதுதான் இந்தத் தொழிலில் புதியவர்கள் எல்லோரும் விழும் இடம். குவான்ட் நிறுவனங்களில் ஆராய்ச்சி வேலையின் பெரும்பகுதி உத்தி கண்டுபிடிப்பதில் போவதில்லை. கண்டுபிடித்த உத்தி பொய்யா என்று சோதிப்பதில்தான் போகிறது. நீங்கள் தொடாத ஒரு வருட டேட்டாவை ஒதுக்கி வைத்து, ஒரே ஒரு முறை அதில் ஓட்டிப் பார்த்தீர்களா? புரோக்கரேஜையும், எஸ்டிடி என்ற பரிவர்த்தனை வரியையும் கழித்தீர்களா? ஆப்ஷன் விற்பனைக்கான எஸ்டிடி 2024 அக்டோபர் 1 முதல் பிரீமியத்தில், அதாவது ஆப்ஷனின் விலையில், 0.1% ஆக உயர்ந்தது. அதற்கு முன் 0.0625%. பழைய வரியில் மெல்லிய லாபம் காட்டிய உத்தி, வரி கூடியதும் நஷ்டத்துக்குப் போகலாம்.

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று ஆண்டுகளில் பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93% பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். அதே ஆய்வில் உங்களுக்கு முக்கியமான இன்னொரு தகவல் உண்டு. 2023-24-இல் லாபம் பார்த்த வெளிநாட்டு முதலீட்டாளர்கள், சொந்தக் கணக்கில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்கள் ஆகிய இரு தரப்பிலும், லாபத்தில் 95 சதவீதத்துக்கு மேல் அல்கோ வர்த்தகத்தில், அதாவது கணினி புரோகிராம் தானே வாங்கி விற்பதில், வந்தது. அதாவது, எந்த வேலைக்குப் போக ஆசைப்படுகிறீர்களோ, அந்த வேலையில் இருப்பவர்கள்தான் இப்போது உங்களுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். எக்ஸ்சேஞ்ச் சர்வருக்குப் பக்கத்திலேயே அவர்களுடைய சர்வர் இருக்கிறது. கும்பகோணத்து பிராட்பேண்டில் அதோடு போட்டி போட முடியாது. இந்த வர்த்தகத்தை நிறுத்துங்கள் என்பதே என் ஆலோசனை. குறைந்தபட்சம் வேலை மாற்றம் முடியும் வரை.

மாமாவின் 5 லட்சத்தைத் தொடவே வேண்டாம். அடுத்தவர் பணத்தை வாங்கி நிர்வகிக்க செபியின் பதிவு வேண்டும். போர்ட்ஃபோலியோ மேலாளர்கள் ஒரு வாடிக்கையாளரிடம் வாங்கக்கூடிய குறைந்தபட்சத் தொகையே 50 லட்சம். சொந்தக்காரர்தானே என்பது சட்டத்தின் முன் நிற்காது, நஷ்டம் வந்தால் சொந்தமும் நிற்காது.

போன 2.6 லட்சத்தில் ஓரளவு பயன் எடுக்கலாம். ஆப்ஷன் நஷ்டம் வருமான வரியில் ஊக வணிகம் சாராத தொழில் நஷ்டமாகக் கணக்காகும். சம்பளத்தில் கழிக்க முடியாது. ஆனால் ஐடிஆர்-3 படிவத்தில், கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால் 8 ஆண்டுகள் வரை முன்னெடுத்துச் சென்று தொழில் லாபத்தில் கழிக்கலாம். இதுவரை சம்பளத்தை மட்டும் காட்டித் தாக்கல் செய்திருந்தால் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.

வயதும் கணக்கும்

32 வயது தாமதமா? எந்த வேலைக்கு என்பதைப் பொறுத்தது. மும்பை, குருகிராம் பக்கமுள்ள ஹை ஃப்ரீக்வன்சி (நொடிக்குள் பலமுறை வாங்கி விற்கும்) நிறுவனங்களின் ஆராய்ச்சியாளர் வேலைக்குத் தாமதம்தான், ஒளிக்காமல் சொல்கிறேன். நீங்கள் யூடியூபில் பார்த்த கோடிக்கணக்கான சம்பளம் அங்கேதான். பெரும்பாலும் ஐஐடி வளாகத்திலிருந்து 22 வயதில் எடுக்கிறார்கள். ஆனால் குவான்ட் உலகம் அந்த நாலு நிறுவனங்களோடு முடிந்துவிடவில்லை. வங்கிகளில் இந்த வேலைக்கு முப்பதுகளில் வந்து சேர்ந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களில் டாக்டர் பட்டம் இல்லாதவர்களும் உண்டு.

'ராமானுஜன் ஊர்க்காரி, கணக்கு வரும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெருமிதம் எனக்கும் உண்டு. இந்தத் துறைக்கு வேண்டிய கணக்கு மட்டும் வேறு. ராமானுஜனின் எண் கோட்பாட்டைவிட, சென்னையில் பிறந்து நியூயார்க்கின் கூரண்ட் கணித ஆய்வு நிறுவனத்தில் உழைத்து 2007-இல் ஏபெல் பரிசு பெற்ற எஸ்.ஆர்.ஸ்ரீனிவாச வரதனின் நிகழ்தகவு ஆய்வுகள் இதற்கு நெருக்கமானவை. 1900-இல் பாரிஸில் பங்கு விலை பற்றி பாஷெலியே எழுதிய ஆய்வேடு, 1940-களில் ஜப்பானியரான இட்டோ உருவாக்கிய நுண்கணிதம், 1973-இல் பிளாக், ஷோல்ஸ், மெர்ட்டன் தந்த ஆப்ஷன் விலைச் சமன்பாடு என்று வரும் பாதை அது. கல்லூரியில் 'பிராபபிலிட்டி அண்ட் குயூயிங் தியரி' தாளில் 84 வாங்கினேன் என்கிறீர்கள். மதிப்பெண்ணை வைத்து நான் முடிவு சொல்ல மாட்டேன். கீழே இருப்பதைச் செய்து பாருங்கள்.

நாணயத்தைச் சுண்டிக்கொண்டே இருக்கிறீர்கள். அடுத்தடுத்து 'தலை, தலை' விழச் சராசரியாக எத்தனை முறை சுண்ட வேண்டும்? 'தலை, பூ' விழ எத்தனை முறை? இரண்டுக்கும் வாய்ப்பு கால் பங்குதானே, விடை ஒன்றாகத்தான் இருக்கும் என்று தோன்றும். முதலாவதற்கு 6, இரண்டாவதற்கு 4. காரணம் இதுதான்: 'தலை, பூ'வுக்காகக் காத்திருக்கும்போது முதல் தலை விழுந்துவிட்டால், அடுத்தும் தலையே விழுந்தாலும் நஷ்டமில்லை, அந்தப் புதிய தலையை வைத்துக்கொண்டு காத்திருக்கலாம். 'தலை, தலை'க்குக் காத்திருக்கும்போது நடுவில் பூ விழுந்தால் ஆரம்பத்துக்கே போய்விடுகிறோம். நேர்முகத் தேர்வுகளில் இந்த மாதிரிக் கேள்விகள் ஏராளம். விடையைத் தாளில் சமன்பாடு எழுதி நீங்களே வரவழையுங்கள். பிறகு மூன்று தலைக்கு எத்தனை என்று யாரும் கேட்காமலே போட்டுப் பார்க்கத் தோன்றினால், இந்தத் துறை உங்களுக்கு ஒத்துவரும். எரிச்சல் வந்தால், சம்பளத்துக்காக மட்டும் இங்கே வருவது நல்லதல்ல. நாள் முழுக்க வேலை இதுதான்.

உள்ளே போக இருக்கும் வாசல்கள்

உங்களிடம் இருப்பதை நீங்கள் குறைத்து மதிப்பிடுகிறீர்கள். ஒரு ரூபாய் இரண்டு முறை போய்விடக் கூடாது, ஒரு ரூபாய் காணாமலும் போகக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு 9 ஆண்டுகள் மென்பொருள் எழுதியிருக்கிறீர்கள். வங்கிகள் தேடுவது அதைத்தான். டிரேடிங், ரிஸ்க், செட்டில்மென்ட் பிளாட்பாரங்களில் ஜாவா இன்னும் ஏராளமாக ஓடுகிறது. பார்க்லேஸ், ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு, பிஎன்ஒய் போன்றவற்றுக்குச் சென்னையிலும், கோல்ட்மேன் சாக்ஸ், ஜேபி மார்கன், மார்கன் ஸ்டான்லி போன்றவற்றுக்கு பெங்களூரு, மும்பையிலும் பெரிய அலுவலகங்கள் இருக்கின்றன.

ஆகவே நான் சொல்வது இரண்டு தாவல். முதல் தாவலில் வேலையை மாற்றாமல் இடத்தை மட்டும் மாற்றுங்கள். இதே ஜாவா வேலையைச் செய்துகொண்டு, ஒரு வங்கியின் ரிஸ்க் அல்லது டிரேடிங் தொழில்நுட்பப் பிரிவுக்குள் போய் உட்காருங்கள். அங்கே ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் பாண்டு, ஸ்வாப், வொலட்டிலிட்டி எல்லாம் பாடப் புத்தகத்தில் இல்லாத விதத்தில் பழகிவிடும், குவான்ட் டீம் பக்கத்து மேசையில் இருக்கும். இரண்டாவது தாவல் நிறுவனத்துக்குள்ளேயே, அந்த டீமுக்கு. வெளியிலிருந்து ரெஸ்யூமே அனுப்பி நேரடியாகக் குதிப்பதைவிட இது மெதுவானது. ஆனால் ஒரு மாதம்கூடச் சம்பளம் நிற்காது.

இரண்டாவது தாவலில் உங்களுக்குப் பொருந்தும் வேலைகள் இரண்டு என்று நினைக்கிறேன். ஒன்று குவான்ட் டெவலப்பர். ஆராய்ச்சியாளர் எழுதிய விலை மாடலை வேகமாக, பிழையில்லாமல் ஓடும் மென்பொருளாக மாற்றுபவர். பைத்தான் போதாது, சி பிளஸ் பிளஸ் வேண்டும். இன்னொன்று மாடல் வேலிடேஷன். 2008 நெருக்கடிக்குப் பிறகு, வங்கியின் மாடல்களை உருவாக்கியவர்கள் அல்லாத வேறு ஆட்கள் சோதிக்க வேண்டும் என்ற கெடுபிடி கூடியது. அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் 2011-இல் எஸ்ஆர் 11-7 என்ற வழிகாட்டுதலையே வெளியிட்டது. அந்தச் சோதனை வேலையில் கணிசமான பகுதி இன்று இந்திய அலுவலகங்களில் நடக்கிறது. இதில் கணக்கும் எழுத்தும் சம பங்கு, நீண்ட அறிக்கைகள் எழுத வேண்டும். பளபளப்பு குறைவு, வேலை நேரம் ஓரளவு ஒழுங்கு. நாலு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு இதைக் கவனமாக யோசிக்கச் சொல்வேன்.

ஏஐ பயத்துக்கும் சேர்த்துச் சொல்கிறேன். குவான்ட் வேலைக்குப் போனால் ஏஐ தொடாது என்று யாரும் உறுதி தர முடியாது. கோடு எழுதும் பகுதி அங்கேயும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. மாடல் எங்கே உடையும் என்று கண்டுபிடித்துக் கையெழுத்துப் போடும் பொறுப்பு மனிதரிடம் இருக்கிறது. பயத்திலிருந்து ஓடுவதற்காக மட்டும் இந்தத் துறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

நீங்கள் கணக்கில் எடுக்காத ஒன்று: இந்த வேலைகளை ஊரிலிருந்து செய்ய விடமாட்டார்கள். தகவல் பாதுகாப்பும் கண்காணிப்பும் கடுமை. வாரத்தில் பெரும்பாலான நாட்கள் அலுவலகம் போக வேண்டியிருக்கும். சென்னை என்றால் வார இறுதியில் வரலாம். பெங்களூரு என்றால் ராத்திரி ரயிலான மைசூர் எக்ஸ்பிரஸ்தான். உங்கள் கணவருடைய பணி கும்பகோணத்தில். யார் எங்கே இருப்பது, குழந்தை யாரிடம் என்பதை ஆஃபர் லெட்டர் வருவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். மேலும், இத்தகைய நிறுவனங்களில் ஊழியரின் சொந்த டீமேட் கணக்கை அறிவிக்க வேண்டும், ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் முன் அனுமதி கேட்பார்கள், பல இடங்களில் ஆப்ஷன் வர்த்தகத்துக்கே தடை. ஆக உங்கள் புரோகிராம் எப்படியும் நிற்கத்தான் வேண்டும்.

ஆறு மா நிலமும் ஐம்பது லட்சம் கடனும்

அமெரிக்கப் படிப்பு மோசம் என்று சொல்லவில்லை. கார்னகி மெலன், பிரின்ஸ்டன், பரூக் போன்ற இடங்களின் படிப்புக்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்த வகுப்புகள் நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடு எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கானவை. ஏஜென்சி உங்களுக்குக் காட்டிய கல்லூரி இந்தப் பட்டியலில் இல்லை. அங்கே படித்தவர்கள் எத்தனை பேர் டிரேடிங் டெஸ்கில் சேர்ந்தார்கள் என்ற விவரத்தையும் கல்லூரி வெளியிடவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த விவரம் தராத கல்லூரிக்கு 80 லட்சம் கட்டக் கூடாது.

கணக்கைப் பாருங்கள். 50 லட்சம் கடன், 11% வட்டி, 10 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 68,900. படிக்கும் காலத்து வட்டியைச் சேர்க்காமலே மொத்தம் 82 லட்சத்துக்கு மேல் கட்டுவீர்கள். டாலரில் சம்பளம் வந்தால் சமாளிக்கலாம். அங்கே வேலையில் தொடர வேண்டிய எச்1பி விசாவோ குலுக்கல். கிடைக்காமல் ஊர் திரும்பினால், ரூபாய்ச் சம்பளத்தில் இந்தத் தவணையைக் கட்ட வேண்டும், நிலமும் இருக்காது.

அண்ணன் சொல்வதைப் பற்றி. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கில்லை என்பது தவறு. கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பிறப்புரிமை உண்டு. தமிழ்நாடு 1989-இலேயே திருமணமாகாத மகள்களுக்கு அதைக் கொடுத்தது. 2005 மத்தியத் திருத்தம் திருமணமானவர்களையும் சேர்த்தது. உச்ச நீதிமன்றம் 2020-இல் அதை இன்னும் தெளிவாக்கியது. ஆனால் நீங்கள் நினைப்பதிலும் ஒரு திருத்தம் வேண்டும். தாத்தா நிலம் என்பதாலேயே அது பூர்வீகமாகிவிடாது. தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கி, 1956-க்குப் பிறகு உயில் எழுதாமல் காலமாகி, அப்பாவுக்கு வந்திருந்தால் அது அப்பாவின் தனிச்சொத்து. அவர் உயிரோடு இருக்கும்வரை உங்களுக்கோ அண்ணனுக்கோ அதில் உரிமை கிடையாது, அவர் இஷ்டம்தான். பூர்வீகம் என்றால், உங்கள் படிப்புக்காக முழுவதையும் விற்பதை அண்ணன் வழக்குப் போட்டுத் தடுக்கலாம். எது என்று தாய்ப் பத்திரத்தைப் பார்த்து ஒரு சிவில் வழக்கறிஞர்தான் சொல்ல முடியும். பட்டா யார் பேரில் இருக்கிறது என்பது மட்டும் இதைத் தீர்மானிக்காது.

விவசாய நிலத்தை அடமானம் வைத்துக் கல்விக் கடன் வாங்கலாமே என்றும் கேட்டிருந்தீர்கள். கடன் கட்டாதவரின் ஈட்டை நீதிமன்றம் போகாமலே வங்கி கைப்பற்ற வழிசெய்யும் சர்ஃபாசி சட்டத்தின் 31-ஆம் பிரிவு விவசாய நிலத்துக்கு விலக்குத் தருவதால், அதைக் கல்விக் கடனுக்கு ஈடாக ஏற்க வங்கிகள் பொதுவாகத் தயங்கும். அந்த இடைவெளியில்தான் வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கும் தனியார் ஆட்கள் நுழைவார்கள். அப்பாவை அந்தப் பக்கம் போக விடாதீர்கள். குறுவையும் சம்பாவும் விளைந்து அப்பா அம்மாவின் செலவுக்கு யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்கவைக்கும் நிலம் அது. உங்களுக்குப் பங்கு இருக்கலாம். இந்தக் காரணத்துக்காக அதை விற்கக் கூடாது என்பதே என் கருத்து.

வரும் ஒன்பது மாதங்கள்

வேலையை விடாதீர்கள். உங்களுக்கு நோட்டீஸ் காலமே மூன்று மாதம். கையில் ஆஃபர் இல்லாமல் கடிதம் கொடுக்க வேண்டாம். குழந்தை தூங்கிய பிறகு ஒரு மணி நேரம், ஞாயிறு காலை மூன்று மணி நேரம் கிடைக்கும் என்று எழுதியிருந்தீர்கள், அது போதும். முதல் நாலு மாதம் நிகழ்தகவும் நேரியல் இயற்கணிதமும் மட்டும். என்பிடெல் என்ற இணையதளத்தில் ஐஐடி ஆசிரியர்களின் பாடங்கள் இலவசம். கணக்குகளைத் தாளில் போட வேண்டும், வீடியோ பார்ப்பது படிப்பாகாது. அடுத்து சி பிளஸ் பிளஸ்.

கடைசி மூன்று மாதங்களில் ஒரே ஒரு புராஜெக்ட். ஒரு சாதாரண ஐரோப்பிய வகை (முடிவுத் தேதியில் மட்டும் பயன்படுத்தக்கூடிய) ஆப்ஷனின் விலையை பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்திலும், விலை ஒவ்வொரு படியிலும் ஏறும் அல்லது இறங்கும் என்று கணக்கிடும் பைனாமியல் மரத்திலும், தற்செயல் எண்களை வைத்துப் பலமுறை ஓட்டிச் சராசரி எடுக்கும் மான்டே கார்லோவிலும் கண்டுபிடித்து மூன்றையும் ஒப்பிடுங்கள். மான்டே கார்லோவில் பிழை, ஓட்டங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் குறையும். இன்னும் ஒரு தசம இடம் துல்லியம் வேண்டுமென்றால் நூறு மடங்கு ஓட்ட வேண்டும். உங்கள் கோடில் அது அப்படியே தெரிகிறதா என்று வரைபடம் போடுங்கள். தெரியவில்லை என்றால் எங்கே தவறு என்று தேடி எழுதுங்கள். நேர்முகத்தில் அந்தத் தேடலைப் பற்றி அரை மணி நேரம் பேசலாம். 71% பேக்டெஸ்டைக் காட்டினால் இரண்டு நிமிடத்தில் மடக்கிவிடுவார்கள்.

சிக்யூஎஃப் போன்ற குவான்ட் ஆன்லைன் சான்றிதழ்கள் லட்சக்கணக்கில் செலவு வைப்பவை. முதல் நாலு மாதம் தாண்டிய பிறகும் ஆர்வம் குறையாமல் இருந்தால் யோசிக்கலாம். சான்றிதழ் மட்டும் வேலை வாங்கித் தராது. ஆறாவது மாதத்திலிருந்து முதல் தாவலுக்கான ஜாவா வேலைகளுக்கு விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். அதற்கு ஒன்பது மாதமும் முடியக் காத்திருக்கத் தேவையில்லை.

இதில் எதையும் தொடங்கும் முன் அந்த 2.6 லட்சத்தைக் கணவரிடம் சொல்லிவிடுங்கள். ஒன்பது மாதம் இரவில் படிக்கவும், பிறகு ஊர் மாறவும் அவருடைய துணை வேண்டும். ஆடிட்டரின் படிவத்திலோ புதிய நிறுவனம் கேட்கும் டீமேட் விவரத்திலோ அவர் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட, உங்கள் வாயால் கேட்பது நல்லது. லெட்ஜரை எடுத்து வைத்து, எவ்வளவு போனது, எப்போது நிறுத்தினேன் என்று தேதியோடு சொல்லுங்கள். அண்ணனிடமும் அப்பாவை வைத்துக்கொண்டு, நிலத்தை விற்கப் போவதில்லை என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். பங்கு பற்றிய பேச்சை, தாய்ப் பத்திரத்தின் நகல் கைக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.